மஞ்சக்குப்பம் 607001: ஒரு பின்கோடைப் பிரித்துப் பார்த்தால்

கேட்டவர் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க்காரர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு, ஆறிலக்க எண் ஒன்றை எடுத்து அதன் கணிதப் பண்புகளை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். பையன் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் தாத்தா வீட்டுப் பின்கோடை எடுத்துக்கொண்டான்: 607001. 'ஒற்றைப்படை எண், இலக்கங்களின் கூட்டுத்தொகை 14' என்று இரண்டு வரி எழுதியதோடு நின்றுவிட்டது. இவ்வளவு பெரிய எண்ணில் சொல்வதற்கு வேறு என்ன இருக்கிறது, அதை எப்படித் தேடுவது என்பதுதான் கேள்வி.

கடலூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது இருப்பது புதுச்சேரியில், அதாவது 605001-இல். இந்த இரண்டு எண்களோடும் எனக்குப் பழைய பழக்கம் உண்டு. பையன் தெரியாமலேயே ஒரு நல்ல எண்ணின் மேல் கை வைத்திருக்கிறான்.

முதலில் ஒரு குப்பையை ஒதுக்கிவிடலாம். 6+0+7+0+0+1 = 14, 1+4 = 5, ஆகவே இது 'ஐந்தாம் எண்', புதனுக்கு உரியது என்று யாராவது வருவார்கள். அந்த 5 என்பது 607001-ஐ ஒன்பதால் வகுத்தால் கிடைக்கும் மீதி. அவ்வளவுதான். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் ஒன்பதின் மீதி இலக்கக் கூட்டலில் தானாக வந்து விழுகிறது. பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணும் பழக்கம் நமக்கு இருந்திருந்தால் இலக்கங்களும் மாறியிருக்கும், கூட்டுத்தொகையும் மாறியிருக்கும், புதனும் இடம் பெயர்ந்திருப்பார். இலக்கங்கள் எண்ணின் சட்டை. சட்டையை மாற்றினாலும் மாறாத பண்புகளைத்தான் பையன் தேட வேண்டும்: எதெதனால் வகுபடும், எப்படி உடையும், எந்த எண்களைக் கூட்டினால் வரும்.

அதற்காக இலக்கங்கள் பயன்படாது என்று சொல்லவில்லை. சட்டையைப் பிடித்து ஆளை இழுத்துவரலாம். கடைசி இலக்கம் 1 என்பதால் 2, 5 இரண்டும் வகுக்காது. கூட்டுத்தொகை 14 என்பதால் 3 வகுக்காது. அடுத்து நான் மாணவர்களுக்கு ஆசையாகச் சொல்லிக்கொடுத்த ஒரு வித்தை. 7 × 11 × 13 = 1001. ஆறிலக்க எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து, முன்பாதியிலிருந்து பின்பாதியைக் கழியுங்கள். 607 − 001 = 606. 7, 11, 13 இவற்றில் எது இந்த 606-ஐ வகுக்குமோ அதுதான் 607001-ஐயும் வகுக்கும். 7, 11, 13 மூன்றுக்கும் இந்த ஒரே கழித்தல் போதும். 606 = 2 × 3 × 101. மூன்றில் ஒன்றுமில்லை. கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டினால் 608. இது 37-க்கான சோதனை, ஏனென்றால் 999-இல் 37 ஒளிந்திருக்கிறது. 608 = 32 × 19. அதுவும் இல்லை.

இப்படி ஏழு பகா எண்களை ஒரு நிமிடத்தில் தள்ளிவிட்டோம். எத்தனை மிச்சம்? இங்கேதான் பையன் மலைத்து நின்றிருப்பான். ஆறு லட்சம் வரை வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஓர் எண் இரண்டு காரணிகளாக உடைந்தால், இரண்டுமே ஒருசேர அதன் வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. இருந்தால் பெருக்கற்பலன் எண்ணைத் தாண்டிவிடும். 779-இன் வர்க்கம் 606841, 780-இன் வர்க்கம் 608400. ஆகவே 779 வரை போதும், அதிலும் பகா எண்கள் மட்டும் போதும். அவை மொத்தம் 137. கடைசியாக நிற்பது 773. ஏழைத் தள்ளியாயிற்று, 130 வகுத்தல்கள் பாக்கி. ஒரு மாலைப்பொழுது வேலை. கணிப்பான் வைத்திருந்தால் அரை மணி நேரம், ஆனால் அதில் ருசி இல்லை.

நான் கையால் செய்திருக்கிறேன். வழியில் இரண்டு இடங்கள் கண்ணைப் பறிக்கும். 607-ஆல் வகுத்தால் மீதி 1; எண்ணின் முன்பாதியே 607 என்பதால் இது எழுதியவுடனேயே தெரிகிறது. 541-ஆல் வகுத்தால் மீதி 540; இன்னும் ஒன்று கூடியிருந்தால் சரியாகப் போயிருக்கும். இரண்டும் நூலிழையில் தப்பியவை. கடைசி 773 வரை போனாலும் ஒன்றும் வகுக்கவில்லை. 607001 ஒரு பகா எண்.

இத்தோடு நிறுத்தினால் பையனுக்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்த நூலிழைகள் எதைக் காட்டுகின்றன என்று பாருங்கள். 541-இல் ஒன்று குறைந்தது என்றால் 607002 அதனால் வகுபடும் என்று பொருள். உடைத்தால் 607002 = 2 × 3 × 11 × 17 × 541. ஐந்து வெவ்வேறு பகா எண்கள். ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் இதற்கு 32 வகுத்திகள். மறுபக்கம் 607000 = 2³ × 5³ × 607. இதற்கு 4 × 4 × 2, மறுபடியும் 32 வகுத்திகள். இடப்பக்கம் 32, வலப்பக்கம் 32, நடுவில் நிற்பதற்கு 1-ஐயும் தன்னையும் விட்டால் யாருமில்லை. இதை முதலில் கண்ட அன்று இரவு சாப்பாட்டை மறந்துவிட்டேன் என்று சொன்னால் என் மனைவி சிரிப்பார்; சாப்பிட்டேன், ஆனால் என்ன குழம்பு என்று கேட்டால் தெரிந்திருக்காது.

இன்னும் ஓர் எண் தள்ளிப் போங்கள். மஞ்சக்குப்பம் 607001, உங்கள் திருப்பாதிரிப்புலியூர் 607002, பழைய நகரம் 607003. இந்த 607003-ஐச் சோதிக்கப் புதிதாக வகுக்க வேண்டியதில்லை. 607001-ஐ வகுத்தபோது கிடைத்த மீதிகள் கையில் இருக்கின்றன. எந்தப் பகா எண்ணுக்காவது மீதி அந்த எண்ணைவிடச் சரியாக இரண்டு குறைவாக வந்திருந்தால், 607003 அதனால் வகுபடும். ஒரே அட்டவணை, இரண்டு தீர்ப்பு.

இந்த இடத்தில் நான் ஒரு முறை வகுப்பின் முன்னால் தலைகுனிந்திருக்கிறேன். 263-ஆல் வகுக்கும்போது மீதி 260 என்பதை 261 என்று எழுதிவிட்டேன். 263-இலிருந்து இரண்டு குறைவு; ஆகவே 607003 = 263 × 2308 என்று கரும்பலகையில் பெரிதாக எழுதி, கீழே கோடும் போட்டேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், மூன்றெட்டு இருபத்துநான்கு. கடைசி இலக்கம் 4 தானே வரணும்?" பெருக்கிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. 263 × 2308 = 607004. அன்றிலிருந்து எந்த வகுத்தலையும் கடைசி இலக்கத்தைச் சரிபார்க்காமல் விட்டதில்லை. பையனிடமும் சொல்லுங்கள்.

திருத்திய அட்டவணைப்படி 607003-ம் பகா எண்தான். இரண்டு வித்தியாசத்தில் நிற்கும் இப்படிப்பட்ட ஜோடியை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். 11-ம் 13-ம், 17-ம் 19-ம், 29-ம் 31-ம் போல மஞ்சக்குப்பமும் பழைய நகரமும். நடுவில் பாடலீசுவரர் ஊரான திருப்பாதிரிப்புலியூர் 32 வகுத்திகளோடு கூட்டம் நிறைந்து நிற்கிறது. இரட்டையர்களின் நடுவில் நிற்கும் எண் (4-ஐத் தவிர) எப்போதும் 6-ஆல் வகுபடும். ஏன் என்று பையன் தானே கண்டுபிடிக்கட்டும், மூன்று அடுத்தடுத்த எண்களை வைத்து யோசித்தால் போதும்.

இது எவ்வளவு அரிது? ஆறு லட்சத்தின் அக்கம்பக்கத்தில் சராசரியாகப் பதின்மூன்று எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். ஆகவே ஒரு பின்கோடு பகா எண்ணாக இருப்பதில் அதிசயமில்லை. இரட்டையர் வேறு விஷயம். கணிதர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1923-இல் வெளியிட்ட கணிப்பின்படி இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 134 எண்களுக்கு ஓர் இரட்டை ஜோடி. கணிப்பு என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் இரட்டையர்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருப்பார்கள் என்பதையே இதுவரை யாரும் நிறுவவில்லை. 2013-இல் யீடாங் ஜாங் என்ற கணிதர், 7 கோடிக்கும் குறைவான இடைவெளியில் நிற்கும் பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று நிறுவினார். ஓராண்டுக்குள் பலர் சேர்ந்து அந்த 7 கோடியை 246-ஆகக் குறைத்தார்கள். 246-இலிருந்து 2-க்கு வர வழி தெரியாமல் நிற்கிறது உலகம்.

பின்கோடு என்பது அஞ்சல் துறை 15 ஆகஸ்ட் 1972-இல் கொண்டுவந்த முகவரிக் குறியீடு. முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்து கடிதம் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் அஞ்சலகம். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசமாக இருந்தும் தமிழ்நாட்டோடு சேர்ந்து 6-இல்தான் வருகிறது. இதைப் போட்டவர்கள் பகா எண்ணை நினைத்துப் போடவில்லை. இருந்தாலும் எழுதிவைத்துவிட்டால் அது எண். எண்ணுக்குரிய குணங்கள் அதற்கு வந்துவிடும்.

எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. 607001-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. இப்படி மீதி 1 தரும் ஒவ்வொரு பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். 1640-இல் ஃபெர்மா கடிதத்தில் சொன்னார். நிரூபணத்தை எழுதவில்லை, அது அவர் வழக்கம். நூறாண்டுக்கு மேல் கழித்து ஆய்லர் நிரூபித்தார். சரி, நம் எண்ணுக்கு அந்த இரண்டு வர்க்கங்கள் எவை?

தேடும் விதத்தைப் பாருங்கள். எண் 1-இல் முடிகிறது. வர்க்கங்கள் 0, 1, 4, 5, 6, 9 இவற்றில்தான் முடியும். ஆகவே கூட்டினால் 1 வர வேண்டுமானால் 0-ம் 1-ம் சேர வேண்டும், அல்லது 5-ம் 6-ம் சேர வேண்டும். முதல் வகையை எடுத்துக்கொள்வோம். ஒன்று பூச்சியத்தில் முடியும் எண்ணின் வர்க்கம். 607001-ஐ எட்டால் வகுத்தாலும் மீதி 1. ஒற்றைப்படை வர்க்கம் எதுவும் எட்டில் மீதி 1 தரும். ஆகவே மற்ற வர்க்கம் எட்டால் வகுபட வேண்டும், அதன் மூலம் நான்கால் வகுபட வேண்டும். பூச்சியத்தில் முடிந்து நான்கால் வகுபட்டால் அது 20-இன் மடங்கு. இனி 20, 40, 60 என்று ஒவ்வொன்றாக வர்க்கத்தைக் கழித்து, மிச்சம் வர்க்கமா என்று பார்க்க வேண்டியதுதான். பதினேழாவது அடியில் 340. அதன் வர்க்கம் 115600. கழித்தால் 491401. இதை இரண்டிரண்டாகப் பிரித்து வாசியுங்கள்: 49, 14, 01. ஏழின் வர்க்கம், ஏழின் இருமடங்கு, ஒன்று. பென்சிலே வேண்டாம், இது 701-இன் வர்க்கம்.

607001 = 701² + 340².

இதிலிருந்து இலவசமாக ஒரு செங்கோண முக்கோணமும் கிடைக்கிறது. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் 375801, இரண்டு எண்களின் பெருக்கற்பலனின் இருமடங்கு 476680. இவை இரண்டும் செங்கோணத்தை அணைக்கும் பக்கங்கள், கர்ணம் 607001. முழு எண்களில் இப்படி ஒரு கர்ணமாக நிற்கும் பேறு 607003-க்குக் கிடையாது. அது நான்கில் மீதி 3 தரும் பகா எண். எந்த இரண்டு வர்க்கங்களைக் கூட்டினாலும் வராது. இரட்டையர்களில் ஒருவர் வர்க்கமாக உடைவார், மற்றவர் உடையமாட்டார். எந்த இரட்டை ஜோடியை எடுத்தாலும் நான்கில் ஒருவருக்கு மீதி 1, மற்றவருக்கு 3.

வர்க்கங்களை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறேன் என்றால், என்னைப் போல மீதியைத் தப்பாக எழுதுகிறவர்களுக்கு இது இரண்டாவது சாட்சி. 'ஒரே விதமாக' என்பதைத் திருப்பியும் போடலாம்: நான்கில் மீதி 1 தரும் ஓர் எண், இரண்டு வர்க்கங்களாக (0-இன் வர்க்கத்தையும் சேர்த்து) ஒரே ஒரு விதத்தில் மட்டும் உடைந்து, அந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லாவிட்டால், அது பகா எண். ஆய்லரே இதில் பாடம் படித்தார். 1000009-ஐப் பகா எண் என்று தம் பட்டியலில் சேர்த்திருந்தார். 1000² + 3² என்பது பார்த்தவுடன் தெரிகிறது. பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்ட முதுமையில், 1778-இல், 235² + 972² என்று இன்னொரு விதத்தையும் கண்டுபிடித்தார். இரண்டு விதம் வந்தால் எண் உடைந்தே தீரும்: 293 × 3413. தம் தவறைத் தாமே ஒரு கட்டுரையாக எழுதி வைத்தார். 607001-க்கு 5-ம் 6-ம் சேரும் வகையையும் முழுக்கத் தேடிப் பார்த்தேன், இரண்டாவது விதம் இல்லை. 130 வகுத்தல்களும் இந்தத் தேடலும் ஒரே தீர்ப்பைச் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

இப்போது என் ஊர் எண். புதுச்சேரிக்காரர்கள் கோபிக்கக் கூடாது. 605001-இன் கூட்டுத்தொகை 12, ஆகவே 3 × 201667 என்று உடைந்துவிடுகிறது. 201667 மட்டும் விடாப்பிடியானது. 449-இன் வர்க்கம் 201601 என்பதால் கடைசிப் பகா எண்ணான 449 வரை வகுத்துப் பார்த்துத்தான் அதைப் பகா எண் என்று விட வேண்டியிருக்கிறது. 605001-ம் நான்கில் மீதி 1 தருகிறது, ஆனால் இரண்டு வர்க்கங்களாக உடையாது. காரணம் அந்த 3. எந்த வர்க்கமும் மூன்றில் மீதி 0 அல்லது 1 தான் தரும். இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை மூன்றால் வகுபட வேண்டுமானால் இரண்டு மூலங்களும் மூன்றின் மடங்காக இருக்க வேண்டும். அப்படியானால் கூட்டுத்தொகை ஒன்பதாலும் வகுபட்டாக வேண்டும். 12 ஒன்பதின் மடங்கு அல்ல. கதை முடிந்தது. மூன்று வர்க்கங்கள் என்றால் வழி உண்டு: 776² + 40² + 35².

எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று 1770-இல் லக்ராஞ்சு நிரூபித்தார். வர்க்கத்துக்குப் பதில் ஆறாம் அடுக்குகள் என்றால் எத்தனை வேண்டும்? இந்தக் கேள்விக்கும் நம் மாவட்டத்துக்கும் உறவு உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை பணியாற்றிய எஸ்.எஸ். பிள்ளை, 1940-இல், 73 போதும் என்று நிரூபித்தார். 73-க்குக் குறையாது என்பதைப் பையனே சரிபார்க்கலாம். 703-ஐ எடுங்கள். 3-இன் ஆறாம் அடுக்கு 729, பெரிதாகிவிட்டது. மிச்சம் 64-ம் 1-ம் மட்டும். பத்து 64-கள் 640, மீதி 63-க்கு அறுபத்துமூன்று ஒன்றுகள். மொத்தம் 73. ஒன்றுகூடக் குறைக்க முடியாது. ஆனால் உலகத்தில் உள்ள எந்த எண்ணுக்கும் இதற்கு மேல் தேவைப்படாது என்று காட்டுவதுதான் பிள்ளையின் வேலை. வடலூர், நெய்வேலி என்று பெருமை பேசும் நம் மாவட்டத்தில் இந்த மனிதரைப் பற்றிப் பேச ஆளில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

உண்மையிலேயே பெரிய எண்களைப் பற்றி ஒரு பத்தி. 137 வகுத்தல் என்பது ஆறிலக்கத்துக்கு. நாற்பது இலக்க எண்ணுக்கு வர்க்கமூலமே இருபது இலக்கம். வகுத்துக்கொண்டிருந்தால் யுகம் போதாது. அங்கே வேறு வழி: 2-ஐ, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்து மீதி பார்ப்பது. ஒற்றைப்படைப் பகா எண்ணானால் மீதி 1 வந்தே தீரும். வர்க்கத்தை வர்க்கமாக்கிக்கொண்டே போனால் 607000 என்ற அடுக்கை 19 வர்க்கப் படிகளில் எட்டிவிடலாம். ஆனால் மீதி 1 வந்தால் பகா எண் என்று நம்பிவிடக் கூடாது; 561 = 3 × 11 × 17 இந்தச் சோதனையில் எல்லோரையும் ஏமாற்றும். ஏமாறாத, எந்த எண்ணுக்கும் பொருந்தும், விரைவான முறையை 2002-இல் கண்டவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும். உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது.

பையன் செயல்திட்டத்தில் இவ்வளவையும் எழுத வேண்டாம். 32, 2, 32 என்ற வகுத்திகளையும், 701² + 340²-ஐயும் எழுதினால் அதுவே நிறைய. என்னைப் பார்த்து எழுதினான் என்று ஆசிரியர் சந்தேகப்பட்டால், சிப்காட் பக்கத்துப் பின்கோடான 607005-ஐ அவனே உடைத்துக் காட்டட்டும். கூட்டுத்தொகை 18, ஆகவே ஒன்பது போகும். கடைசியில் 5. 607 − 5 = 602, அதில் ஏழு இருக்கிறது. மூன்றையும் எடுத்துவிட்டால் 1927 நிற்கும். 43 வரை பார்த்தால் போதும், அதற்குள் உடைந்துவிடும். எதில் உடைகிறது என்று நான் சொல்லமாட்டேன்.